கைப்பேசி சொல்லும் வைத்தியம்

ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நோய்வாய்ப்படும் ஒருவருக்கு இன்று ஆலோசனை சொல்லும் இடங்கள் இரண்டு. முதலாவது மருத்துவமனை. திருப்பதியின் ருயா அரசுப் பொது மருத்துவமனையோ, ‘ஸ்விம்ஸ்’ என்று எல்லோரும் அழைக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனமோ, எல்லைக்கு அப்பால் வேலூரில் இருக்கும் சி.எம்.சி.யோ, எதுவாயினும் அங்கே வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கி, நெடுநேரம் காத்திருந்து, மருத்துவர்முன் சில நிமிடங்கள் அமர்ந்துவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டாவது, சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி. அது யாரையும் காத்திருக்க வைப்பதில்லை. தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலும் தமிழில் கேட்டால் தமிழிலும் பதில் சொல்கிறது. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் உடனே பேசுகிறது. இந்த இரண்டாவது ஆலோசகரை நம்பலாமா கூடாதா என்று இனி விவாதிப்பதில் பயனில்லை, ஏனெனில் மக்கள் ஏற்கெனவே நம்பத் தொடங்கிவிட்டார்கள். அது சொல்வதில் எதை, எந்த அளவுக்கு, எந்த அடையாளத்தைக் கொண்டு நம்புவது என்பதே ஆராயத் தகுந்த பொருள். அதற்கு வேண்டிய பாடங்களை இந்த வட்டாரத்தின் அண்மைக்கால வரலாறே வைத்திருக்கிறது.

இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வரும் நோயாளியைக் கண்டு முகம் சுளிக்கும் மருத்துவர்கள் உண்டு. அந்தச் சுளிப்பு நியாயமற்றது. தன் உடலில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்புவது நோயாளியின் உரிமை. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்று ஆயுள் முழுவதும் உடனிருக்கும் நோய்களில் அன்றாடக் கவனிப்பை நோயாளியே செய்துகொள்ள வேண்டியிருப்பதால், அது மருத்துவத்தின் தேவையும் ஆகும். மருத்துவர் சொல்ல நேரமில்லாமல் விட்டதைத்தான் பெரும்பாலும் அவர் தேடுகிறார். தேடும் இடத்தில் நல்ல தகவலும் நஞ்சும் ஒரே அளவுள்ள கட்டங்களில், ஒரே வரிசையில், ஒரே மாதிரியான முகப்புப் படங்களுடன் வந்து நிற்கின்றன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

படத்தைப் பார்த்துப் பிறந்த மருந்து

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வாரம், நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிச் சுமார் இரண்டு வாரம் ஆகியிருந்த நிலையில், சித்தூர் மாவட்டம் பைரெட்டிப்பள்ளி மண்டலத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், குழந்தைகள் உட்பட, ஊமத்தை விதையை அரைத்துச் சாறு குடித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஊமத்தை, கொரோனா அண்டாமல் காக்கும் என்று டிக்டாக் செயலியில் வந்த ஒரு காணொளி சொன்னதை நம்பி அவர்கள் அதைச் செய்தார்கள். சிகிச்சைக்குப் பின் அவர்கள் தேறினார்கள் என்பது ஆறுதல். காணொளி முன்வைத்த வாதம் மிக எளிமையானது: ஊமத்தங்காய் பார்ப்பதற்குக் கொரோனா வைரஸ் போலவே இருக்கிறது, ஆகவே அதுவே அதற்கு மருந்து.

இந்த வாதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஊமத்தங்காய் எலுமிச்சை அளவுள்ள பச்சைக் காய். உருண்டை மேற்பரப்பு முழுவதும் முள் முளைத்திருக்கும். ஏரிக்கரையிலும் குப்பைமேட்டிலும் கேட்பாரற்று வளரும். மக்கள் அதனோடு ஒப்பிட்ட வைரஸ் படமோ, சாம்பல் நிற உருண்டையில் செந்நிறக் கூர்முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஓவியம். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு நிறுவனமான சி.டி.சி.யில் பணியாற்றிய அலிசா எக்கர்ட், டான் ஹிக்கின்ஸ் என்னும் இரு மருத்துவ ஓவியர்கள் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதைக் கணினியில் உருவாக்கினார்கள். அந்த வைரஸ் ஏறத்தாழ 100 நானோமீட்டர் குறுக்களவு கொண்டது. அதாவது, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பத்தாயிரம் வைரஸ்களை வரிசையாக அடுக்கலாம். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய பொருளுக்கு நம் கண் காணும் வகையில் நிறம் என்று ஒன்று இல்லை; சிவப்பும் சாம்பலும் மக்களின் கவனத்தை ஈர்ப்பதற்காக ஓவியர்கள் தேர்ந்தவை. ஆக, ஆலோசனை சொன்ன காணொளி ஒரு காயை ஒப்பிட்டது வைரஸோடுகூட இல்லை, அட்லாண்டாவில் வரையப்பட்ட ஒரு படத்தோடு.

வடிவ ஒற்றுமையைக் கொண்டு மருந்தைக் கண்டுபிடிக்கும் எண்ணம் மிகப் பழையது. உலகின் பல பண்பாடுகளில் இருந்தது. ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டில் அது ஒரு கோட்பாடாகவே போற்றப்பட்டது. ஆனால் ஊமத்தையைப் பொறுத்தவரை நம் மரபே தெளிவாக எச்சரித்திருக்கிறது. சித்த, ஆயுர்வேத மரபுகள் அதை நஞ்சுள்ள சரக்காக வகைப்படுத்தி, சுத்தி செய்த பிறகே, அளவறிந்து கையாளச் சொல்கின்றன. இந்திய மருந்து விதிகளும் அதன் விதையை ஆயுர்வேத நச்சுப் பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளன. அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபாலமின் ஆகிய வேதிப்பொருள்கள், நரம்புகள் உறுப்புகளுக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளின் வேலையைத் தடுக்கின்றன. அதனால் வாய் உலர்ந்து, தோல் சூடேறி, கண்ணின் பாவை விரிந்து, இதயம் படபடத்து, சித்தம் கலங்குகிறது. சிறுநீர் பிரியாமல் போகிறது. அளவு மிகுந்தால் உயிரும் போகலாம். ஒரு விதையில் நஞ்சு எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறுவதால், பாதுகாப்பான அளவு என்று வீட்டில் ஒருவர் கணக்கிடவும் வழியில்லை. பாட்டி வைத்தியத்தின் பெயரைச் சொல்லிப் பரவிய அந்தக் காணொளி, பாட்டிமார்கள் தோட்டத்தில் ஊமத்தையைக் கண்டால் பிள்ளைகளைத் தொடவிடாமல் விரட்டிய வழக்கத்தை மறைத்துவிட்டது.

வெள்ளைக் கோட்டும் இரட்டை அம்பும்

இணையத்தில் வரும் மருத்துவத் தகவலை எடைபோடும் முயற்சிகள் இணையத்தின் இளமைக் காலத்திலேயே தொடங்கிவிட்டன. 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ‘ஜாமா’வில் வெளியான தலையங்கம் நான்கு அடிப்படைகளை வகுத்தது: எழுதியவர் யார் (அவருடைய தகுதி என்ன), சொல்லும் செய்திக்கு ஆதாரம் எது, அந்தத் தளத்தை நடத்துபவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அது எழுதப்பட்ட நாளும் திருத்தப்பட்ட நாளும் எவை. அதே காலத்தில் ஜெனீவாவைச் சேர்ந்த ‘ஹெல்த் ஆன் தி நெட்’ என்னும் அறக்கட்டளை, தன் நெறிகளை ஏற்கும் தளங்களுக்கு ஒரு முத்திரை வழங்கத் தொடங்கியது. கால் நூற்றாண்டு காலம் நோயாளிகளுக்கு அது ஓரளவு வழிகாட்டியது. 2022இல் அந்த அமைப்பு தன் பணியை நிறுத்திக்கொண்டது.

இந்த அளவுகோல்கள் இன்றும் செல்லுபடியாகும். ஆனால் அவை எழுத்துக்காக, ஒரு முகவரியில் நிலையாக நிற்கும் பக்கத்துக்காக உருவாக்கப்பட்டவை. குப்பத்திலோ புத்தூரிலோ ஒருவருடைய கைப்பேசிக்கு வந்து சேரும் தகவல் அப்படி நிற்பதில்லை. யாரோ எடுத்த காணொளியை மற்றொருவர் வெட்டி, மூன்றாமவர் அதன்மேல் தெலுங்குக் குரல் ஏற்றி, நான்காமவர் வாட்ஸ்ஆப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்ப, அது வந்து சேரும்போது எழுதியவர் பெயர், நாள், ஆதாரம், பணம் ஆகிய நான்கும் வழியிலேயே உதிர்ந்துபோயிருக்கும். மிஞ்சுவது ஒரு குரலும், அனுப்பிய உறவினரின் பெயரும்தான். சித்தப்பா அனுப்பியது என்பதால் அது சித்தப்பா சொன்னதாகவே மனத்தில் பதிகிறது. தகவலின் நம்பகத்தன்மை அதை உண்டாக்கியவரிடமிருந்து விலகி, அதைக் கைமாற்றியவரின் அன்பில் தொற்றிக்கொள்கிறது.

கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் மட்டும் அங்கே எஞ்சியிருக்கிறது. பல கைமாறி வந்த செய்தியின் தலையில் வாட்ஸ்ஆப் இரட்டை அம்புக்குறி ஒன்றைப் போடுகிறது. குறைந்தது ஐந்து முறை கைமாறி வந்தது என்பது அதன் பொருள். 2020 ஏப்ரல் 7 முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று அந்நிறுவனம் கட்டுப்படுத்தியது. சித்தூர் மாவட்டத்தில் ஊமத்தைச் சாறு குடித்த நிகழ்வும் ஏறத்தாழ அதே நாட்களில் நடந்தது. இரட்டை அம்பு இருந்தால் செய்தி பொய் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அதை அனுப்பிய உறவினருக்கும் அதன் பிறப்பிடம் தெரியாது என்பது உறுதி. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைப் பார்ப்பவர் சற்று நிதானிக்கலாம்.

வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் அணிந்து பேசுபவரை அறிய இதைவிட நல்ல வழி உண்டு. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், பதிவு பெற்ற மருத்துவர் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் இணையதளத்திலும் மின்னணுத் தொடர்பிலும் காட்ட வேண்டும் என்று கூறுகின்றன. அந்த எண்ணையோ பெயரையோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவர் தம் பதிவு எண்ணை எங்கும் சொல்லாமல், சர்க்கரை நோய்க்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லி, காணொளியின் அடியில் தம் சூரணத்தை வாங்குவதற்கான இணைப்பை வைத்திருந்தால், ‘ஜாமா’ கேட்ட மூன்றாவது கேள்விக்கு விடை அந்த இணைப்பிலேயே கிடைத்துவிடுகிறது.

மருந்து சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்?

தர அளவுகோல்களில் ஆழமானது, 1999இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா சார்னாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ‘டிஸ்கர்ன்’ என்னும் கருவியாகும். மருத்துவப் பயிற்சி இல்லாதவரும் பயன்படுத்தும் வகையில் அது 16 கேள்விகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடலாம். ஆதாரம், நாள், நடுநிலை ஆகியவற்றை அதுவும் கேட்கிறது. ஆயினும் அதன் தனிச்சிறப்பு வேறு இரண்டு கேள்விகளில் இருக்கிறது. உறுதியாகத் தெரியாதவை எவை என்று இந்தத் தகவல் ஒப்புக்கொள்கிறதா என்பது ஒன்று. சிகிச்சை எதுவும் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்வி முதல் பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றும். அதன் வலிமை எத்தகையது என்பதை 2021ஆம் ஆண்டின் கோடையில் இவ்வட்டாரம் கண்டது.

கொரோனாவின் இரண்டாம் அலையில் மருத்துவமனைகளில் படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்காமல் மக்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். மே 10 இரவு ருயா மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததில் 11 நோயாளிகள் உயிரிழந்த செய்தி திருப்பதியை உலுக்கியது. அதே வாரங்களில் நெல்லூர் மாவட்டத்தின் கிருஷ்ணபட்டினத்தில் பொனிகி ஆனந்தய்யா என்னும் நாட்டு வைத்தியர் ஏப்ரல் 21 முதல் இலவசமாகக் கொடுத்துவந்த மருந்தைப் பற்றிய காணொளிகள் மாநிலமெங்கும் பரவின. அவற்றுள் ஒன்றில், மூச்சுத் திணறலுடன் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கண்ணில் சொட்டு விட்ட சில நிமிடங்களில் தாம் தேறிவிட்டதாகச் சொன்னார். மே 21 அன்று ஆயிரக்கணக்கானோர் அந்தச் சிற்றூரில் திரண்டதால் விநியோகம் நிறுத்தப்பட்டது. சில நாட்களில் அந்தத் தலைமையாசிரியரின் நிலை மோசமாகி, மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு, மே 31 அன்று அவர் இறந்தார். அவர் தேறியதாகச் சொன்ன காணொளியைப் பார்த்தவர்களில் எத்தனை பேரை அவருடைய இறப்புச் செய்தி எட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இணையம் உண்மையை எந்த இடத்தில் வெட்டி நிறுத்துகிறது என்பது புலப்படும்.

மாநில அரசு அந்த மருந்தைப் பற்றி ஆராயுமாறு மத்திய ஆயுர்வேத ஆய்வு மன்றத்தைக் கேட்டுக்கொண்டது. மருந்து உட்கொண்டவர்களைத் தொடர்புகொண்டு விசாரிக்கும் பணியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா ஆயுர்வேதக் கல்லூரியும் ஈடுபட்டது. அதே மே 31 அன்று, உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளுக்கு அரசு அனுமதி அளித்தது. கண் சொட்டுக்கு அளிக்கவில்லை. அனுமதிக்கு அடிப்படை, அம்மருந்துகளால் தீங்கில்லை என்பதே ஆகும். அவற்றால் நோய் குணமாகும் என்று அது சொல்லவில்லை. மருத்துவர் தரும் மருந்துகளை நிறுத்திவிட வேண்டாம் என்றும் அரசு கேட்டுக்கொண்டது. ஆனால் ‘அரசே அனுமதித்துவிட்டது’ என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கி அந்த ஆணை கைப்பேசிகளை வந்தடைந்தது. ஜூன் மாதத்தில் திருப்பதியை ஒட்டிய சந்திரகிரி தொகுதியிலும் அம்மருந்தைத் தயாரித்து வீடுகளுக்கு வழங்க ஏற்பாடு நடந்தது.

இங்கேதான் டிஸ்கர்ன் கேட்கும் கேள்வி வேலை செய்கிறது. கொரோனா தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிறப்பு மருந்தும் இன்றித் தாமாகவே குணமடைந்தார்கள். ஆகவே நூறு பேருக்கு வெறும் வெல்லப்பாகைக் கொடுத்திருந்தாலும், தேறியவர்களின் நன்றிக் குரல்கள் நிறைந்த காணொளிகள் குவிந்திருக்கும். தேறாதவர்கள் பேட்டி கொடுக்கும் நிலையில் இருந்திருக்க மாட்டார்கள். இதில் மருந்து கொடுத்தவரின் நல்லெண்ணத்தையோ வாங்கியவர்களின் நேர்மையையோ ஐயுற வேண்டியதில்லை. தேறியவர் தாம் உணர்ந்ததையே சொல்கிறார். தேறியதற்குக் காரணம் மருந்துதானா என்பதை அறிய, அதை உட்கொள்ளாத, மற்றெல்லா வகையிலும் ஒத்த இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். மருத்துவ ஆய்வில் ஒப்பீட்டுக் குழு என்று சொல்லப்படுவது இதுதான்.

இந்த முறையை வெளிநாட்டுச் சரக்கு என்று கருத இவ்வட்டாரத்து மக்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரத்தில் மிஷன் சங்கங்கள் நிறுவிய காசநோய் மருத்துவமனை ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. அங்கே பணியாற்றிய டென்மார்க் மருத்துவர் யோஹன்னஸ் ஃப்ரிமோட்-மோல்லர் 1950இல் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிய ஆய்வு ஒன்றைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் தொடங்கினார். காசநோய்க் கிருமி உடலில் புகுந்திருக்கிறதா என்று தோலில் சோதித்து, புகாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஊசி போட்டு, இரு பிரிவினரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் ஊசி போட்டவர்களிடையே நோய் குறைவாகத் தென்பட்டது. காலம் செல்லச் செல்ல அந்த வேறுபாடு சுருங்கியது. வீடு வீடாகச் சென்று பெயர் எழுதி, கையில் ஊசி போட்டு, மீண்டும் மீண்டும் வந்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த அந்தப் பணிக்கு ஒத்துழைத்தவர்கள் ராயலசீமையின் கேழ்வரகு, நிலக்கடலை விவசாயிகள்.

அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, அதே தடுப்பூசிக்கு எதிராகத் தமிழகத்தில் ஓர் இயக்கம் எழுந்தது. அதற்குத் தலைமை தாங்கிய ராஜாஜி 1955இல் தம் எதிர்ப்புக்கான காரணங்களை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அவர் எழுப்பிய அச்சங்களில் சில மிகையானவை. ஆனால், பயன் நிரூபிக்கப்படுவதற்கு முன் கோடிக்கணக்கானோருக்கு ஊசி போடலாமா என்ற அவருடைய கேள்வி நியாயமானது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பயனளிக்கவில்லை என்று 1979இல் அறிவித்தது. அரசு தானே பரப்பிய தடுப்பூசியைப் பற்றி, அரசு சார்ந்த ஆய்வே தனக்கு உவப்பில்லாத முடிவை வெளியிட்டது. பிஞ்சுக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால், பிறந்தவுடன் அந்த ஊசி போடுவது இன்றும் தொடர்கிறது. நல்ல மருத்துவத் தகவல் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது: யாருக்குப் பயன், யாருக்கு இல்லை, எவ்வளவு காலம், எதனால் தெரியும் என்று அது சொல்கிறது, முதலில் நம்பியது தவறானால் அதையும் சொல்கிறது. கைப்பேசியில் வரும் காணொளியோ எல்லோருக்கும், எல்லா நோய்க்கும், நூறு சதவீதம் என்று பேசுகிறது. அந்த நூறு சதவீதமே அதன் மீது ஐயம் கொள்ளப் போதிய காரணம்.

உண்மையும் நோயாளியும்

தகவல் பொய்யாக இருந்தால்தான் தீங்கு என்று நினைப்பதும் சரியாகாது. 2020 பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு கொரோனா நோயாளிகூடக் கண்டறியப்படாத நிலையில், ஸ்ரீகாளஹஸ்தி வட்டாரத்தைச் சேர்ந்த நடுவயதினர் ஒருவர் வேறொரு நலக்குறைவுக்காகத் திருப்பதியில் மருத்துவம் பார்த்துக்கொண்டு, முகக்கவசம் அணியுமாறு சொல்லப்பட்டு வீடு திரும்பினார். கைப்பேசியில் கொரோனாவைப் பற்றிய காணொளிகளைத் தொடர்ந்து பார்த்த அவர், அவற்றில் சொல்லப்பட்ட அறிகுறிகளைத் தம் உடலோடு பொருத்திப் பார்த்து, தமக்கு அந்த நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்தார். குடும்பத்தாரை அருகே வரவிடாமல் தடுத்தார். இறுதியில் அவர்களைக் காப்பதாக எண்ணித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். காய்ச்சல், இருமல், சளி ஆகியவை அந்நோயின் அறிகுறிகள் என்று காணொளிகள் சொன்னது உண்மைதான். ஆனால் அதே அறிகுறிகள் சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கும் உண்டு என்பதும், தமக்கு இருப்பது வேறு நோய் என்பதும், முகக்கவசம் எதற்காகச் சொல்லப்பட்டது என்பதும் அவருக்கு விளங்கும் மொழியில், அவர் நம்பும் வகையில் சென்று சேரவில்லை. ஒரு தகவல் சரியானதா என்பதோடு, அது தமக்குரியதா என்பதையும் நோயாளி அறிந்தாக வேண்டும். அதைத் தனியே அறிந்துகொள்ளும் ஆற்றலை எந்த அளவுகோலும் அவருக்குத் தந்துவிடாது. அதற்கு ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், குறைந்தது ஓர் ஆஷா பணியாளர் வேண்டும்.

மற்ற இடங்களின் அனுபவமும் இதனோடு ஒத்துப்போகிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்ஆப் வதந்திகளால் பெற்றோர் தயங்க, முகாமின் காலத்தை அரசு நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்த முயன்றதில் ஓர் இளந்தாய் உதிரப்போக்கால் உயிரிழந்தார். இவ்விடங்களில் எல்லாம் மருத்துவமனை தொலைவில் இருக்கவில்லை. மருத்துவமனையின் பேச்சுதான் தொலைவில் இருந்தது.

இந்தத் தொலைவை அளக்கச் சித்தூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1911இல் வடஆற்காடு, கடப்பை ஆகிய பகுதிகளிலிருந்து உருவாக்கப்பட்ட இம்மாவட்டத்தில், 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஏராளம். இத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி வேலூரிலோ திருப்பதியிலோ சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது கையில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதிலுள்ள சுருக்கெழுத்துகளைப் பட்டதாரி மகனாலும் படித்துப் பொருள் சொல்ல முடிவதில்லை. அந்த இரவு அவர் யூடியூபைத் திறந்தால், அவருடைய நோயைப் பற்றி அவருடைய வட்டார வழக்கிலேயே கனிவாகப் பேசும் ஒரு முகம் வருகிறது. போட்டி சமமற்றது. ஆங்கிலத் தாளை மருத்துவ அறிவும், தாய்மொழிக் காணொளியை வணிக ஆசையும் எழுதும்வரை, நோயாளி எதைத் தேர்வார் என்பதில் வியப்புக்கு இடமில்லை.

நல்லறிவு தமிழில் வரவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி, எது பயன் தருகிறது என்று நடுநிலையோடு தொகுக்கும் ‘காக்ரேன்’ அமைப்பின் தெற்காசியக் கிளை, சித்தூருக்கு அடுத்தாற்போல் உள்ள வேலூர் சி.எம்.சி.யில்தான் இயங்கிவந்திருக்கிறது; அத்தொகுப்புகளின் எளிய சுருக்கங்கள் தன்னார்வலர்களால் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆயினும் அவை எழுத்தாக, இணையதளத்தில், தேடிவருவோருக்காகக் காத்திருக்கின்றன. பொய்யோ குரலாகவும் முகமாகவும் கைக்குள் வந்து சேர்கிறது. சரியான தகவலைத் தயாரிப்பவர்கள் இந்த வேறுபாட்டை இன்னும் போதிய அளவு உணரவில்லை. வேலூரும் திருப்பதியும் தம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் தமிழிலும் தெலுங்கிலும் பேசவைத்து, நாளும் பெயரும் பதிவு எண்ணும் தெரியும்படி சிறு காணொளிகளாக வெளியிட்டு, மருந்துச் சீட்டிலேயே அவற்றுக்கான க்யூஆர் குறியீட்டை அச்சிட்டுக் கொடுப்பது செலவு மிகுந்த வேலை ஆகாது.

சட்டத்தின் பக்கமும் காலி இல்லை. 1954இல் இயற்றப்பட்ட ‘மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம்’, சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட 54 நோய்நிலைகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அதில் விளம்பரம் என்ற சொல்லுக்குக் கொடுக்கப்பட்ட விளக்கம் வியக்கத்தக்கது: துண்டறிக்கை, மேலுறை, வாய்மொழி அறிவிப்பு ஆகியவற்றோடு, ஒளி, ஒலி, புகை ஆகியவற்றை உண்டாக்கியோ பரப்பியோ செய்யப்படும் எந்த அறிவிப்பும் அதில் அடங்கும். தொலைக்காட்சிகூட நாட்டுக்கு வராத காலத்தில் எழுதப்பட்ட இந்தச் சொற்களுக்குள் இன்றைய காணொளி முழுமையாகப் பொருந்துகிறது. சர்க்கரையை வேரோடு அறுப்பதாகச் சொல்லிச் சூரணம் விற்கும் காணொளிகள் தடையின்றி ஓடுவதற்குச் சட்டம் இல்லாதது காரணம் ஆகாது; அதைப் பிரயோகிக்க வேண்டிய அலுவலர்கள் கைப்பேசித் திரையைத் தம் எல்லைக்குள் இன்னும் சேர்க்காததே காரணம்.

மருத்துவமனைக்குள்ளேயே செய்யக்கூடிய, பல நாடுகளில் பயன் கண்ட ஒரு முறை உண்டு. அது ‘டீச்-பேக்’ எனப்படுகிறது. சொன்னதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்பது. “புரிந்ததா?” என்று கேட்டால் எவரும் தலையாட்டிவிடுவார். “வீட்டுக்குப் போனதும் மருமகளுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள் பாட்டி?” என்று செவிலியர் கேட்டால், பாட்டி தம் மொழியில் சொல்லத் தொடங்குவார், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், கால் வீங்கினால் என்ன செய்வது, எந்த அறிகுறி கண்டால் மறுநாள்வரை பொறுக்காமல் புறப்பட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டு வரும்போதே எங்கே தவறாகப் புரிந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இதற்கு மூன்று நிமிடம் போதும். பல மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் இன்னும் வெற்றுத்தாளாகவே இருக்கிறது. பாட்டி சொன்ன அந்த நான்கு செய்திகளைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிக்கொடுக்க அந்த இடம் தாராளமாகப் போதும்.